வீரன் நிற்கும் மண்

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி நிலையம் ஒன்றில் கணக்குப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். சென்ற நவராத்திரிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில் அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். காபி வருவதற்கு முன்னால் ஒரு பெட்டி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நண்பரின் பன்னிரண்டு வயதுப் புதல்வன்.

“மாமா, இதை ஒட்டறதுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க” என்றான்.

பத்திரிகைக்காரர்களுக்கு வெட்டுவதும் ஒட்டுவதும் கைவந்த கலை என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் ஸூபர்மேன் நின்றிருந்தார். நீல உடை, சிவப்பு மேலங்கி, மார்பிலே முத்திரை. பெட்டியைத் திறந்தாலோ வீரரைக் காணோம்! சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் நாலைந்து கிடந்தன. ஒவ்வொரு சட்டத்திலும், கிளையில் காய் தொங்குவது போல, உடலின் ஒவ்வோர் உறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தின் முன்பாதி ஓரிடத்தில், பின்னந்தலை வேறோரிடத்தில். மார்பு ஒரு பக்கம். முதுகு மறு பக்கம். மகாபாரதத்திலே ஜராசந்தன் இரு பிளவாகப் பிறந்தான் என்றும், பிறகு அவ்விரண்டும் ஒன்று சேர்ந்தன என்றும் படித்திருக்கிறோம். இவர் இருபது பிளவாகப் பிறந்திருந்தார். வெளிநாட்டிலுள்ள தாய்மாமன் அனுப்பிய பரிசாம் அது.

வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். “நம் நாட்டில் வீரர்களுக்குப் பஞ்சமா? அமெரிக்க வீரனைக் கூட்டி ஒட்டுவதற்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நாமும் முதலில் அவ்விதமே எண்ணினோம். ஆனால் ஒரு மாத காலம் அந்தப் பையனுடன் உட்கார்ந்து வேலை செய்த பிறகு நமது அபிப்பிராயம் மாறிவிட்டது. அது எப்படி மாறியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அயல்நாட்டு வீரர்கள் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உள்ளத்தில் குடியேறியது இன்று நேற்று நடந்த காரியமன்று. ஸூபர்மேன் அமெரிக்கச் சித்திரக் கதைப் புத்தகத்தில் முதன்முதலாகத் தோன்றியது 1938-ஆம் ஆண்டில். நமது சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வெளிவரத் தொடங்கியபோது, முதல் இதழிலேயே வந்து சேர்ந்தவன் இரும்புக்கை மாயாவி. அவன் இங்கிலாந்துச் சரக்கு. 1962-இல் அங்கே பிறந்து, பத்தாண்டுக்குப் பின் தமிழ் பேசத் தொடங்கினான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுதும் மறைந்துபோகும். இரும்புக் கை ஒன்று மாத்திரம் தெரியும். இன்று தலை நரைத்திருக்கும் பல கனவான்கள், அந்நாளில் அவனுக்காகக் காலணா சேர்ப்பது போல் காசு சேர்த்தவர்களே.

சித்திரத்திலிருந்த வீரர்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, வீட்டிலேயே ஒட்டி வர்ணம் தீட்டும்படி விற்றவர்களுள் முன்னோடி, அரோரா என்னும் அமெரிக்கக் கம்பெனி. அவர்களுடைய ஸூபர்மேன் 1963-இலும், பேட்மேன் அதற்கடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. அந்த ஸூபர்மேன் வெறுமனே நிற்கவில்லை. செங்கற் சுவர் ஒன்றை உடைத்துக்கொண்டு நின்றான். சுவரும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. தனியே நின்றால் அவன் வேஷம் கட்டிய மனிதன். உடைந்த சுவர் பக்கத்தில் இருந்தால்தான் பலசாலி என்பது விளங்கும். விற்பவர்களுக்கு அந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது.

நமது பையனின் பெட்டியிலும் ஒரு பீடம் இருந்தது. ஏதோ ஒரு பட்டணத்து மாடியின் மூலை, கைப்பிடிச் சுவர், புகைபோக்கி. அதைப் பையன் இரண்டு விரலால் எடுத்து ஒதுக்கி வைத்தான்.

“இது வேண்டாங்க மாமா. அம்மா கொலுவிலே வைக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கொலுவுக்கு நம்ம ஊரு மாதிரி இருக்கோணும்.”

“ஏனுங்ணா, அவன் சொல்றது செரிதானுங்க. மீனாட்சி கல்யாணத்துக்குப் பக்கத்துல புகைபோக்கி வெச்சா நல்லாவா இருக்கும்?” என்று சமையலறையிலிருந்து தாயாரின் ஆமோதிப்பும் வந்தது.

வீரர் விலாயத்து, மண் நம்முடையது என்று அப்போதே தீர்மானமாயிற்று.

பொம்மையைச் சுற்றி நிலக்காட்சி அமைப்பதை மேல்நாட்டார் ‘டயோராமா’ என்கிறார்கள். அந்தப் பெயரை 1822-இல் பாரிஸ் நகரத்தில் வழக்குக்குக் கொண்டுவந்தவர், புகைப்படக் கலையின் தந்தையருள் ஒருவரான டாகேர். பெரிய திரைச்சீலையில் காட்சி எழுதி, வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டி ஜனங்களை மயக்கினார். பிற்பாடு பொம்மைக் காட்சிக்கும் அதுவே பெயராயிற்று. ஆனால் நம் வீட்டுப் பெண்மணிகள் அந்தப் பெயரைக் கேளாமலே அந்தக் கலையைச் செய்து வருகிறார்கள். கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகையும் கடுகையும் முளைக்க வைத்துப் புல்வெளியாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்துக் குளமாக்கி, அதில் வாத்து மிதக்க விட்டு, ஓரத்தில் ஒரு மலையும் மலைமேல் ஒரு முருகனும் வைக்கிறார்களே, அது வேறென்ன?

வேலை தொடங்கிற்று. செய்முறையைக் கேட்டு எழுதும் நேயர்கள் உண்டாதலால் அதையும் சொல்லி விடுகிறோம்.

முதலில் சட்டங்களைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை அவற்றில் ஒட்டியிருக்கும். அது இருந்தால் வர்ணம் பிடிக்காது. பிறகு உறுப்புகளைக் கையால் முறுக்கிப் பிய்க்காமல் கத்தரித்து எடுத்து, பசையில்லாமலே ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறந்தான் பசை. இந்தப் பசை நமது தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரத்தைப் போன்றதன்று. வஜ்ஜிரம் இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும். இதுவோ பாலிஸ்டைரீன் என்னும் அந்தப் பிளாஸ்டிக்கையே இளக்குகிறது. இளகிய இரண்டு விளிம்புகளும் கலந்து, பசை ஆவியாய்ப் போனபின் ஒரே துண்டாகி விடுகின்றன. ஆகவே மெல்லிய தூரிகையால் ஓரத்தில் தொட்டு வைத்தால் போதும்; சந்துக்குள் தானே ஓடிவிடும்.

போதும் என்பது நமக்கு அப்போது தெரியவில்லை. ‘நன்றாகப் பிடிக்கட்டும்’ என்று தாராளமாகத் தடவினோம். அரை நிமிஷத்தில் வீரரின் இடது கன்னம் வெயிலில் வைத்த வெண்ணெய் போலாயிற்று. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்க நமக்குத் தைரியமில்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் கன்னம் கெட்டிப்பட்டதும், மக்கு வைத்து நிரப்பி, நீர் தொட்டு உப்புக் காகிதத்தால் தேய்த்துச் சமன் செய்தான். முதலில் நானூறாம் எண் காகிதம், பிறகு அறுநூறு, பிறகு ஆயிரம். ஒரு சிறு தழும்பு மட்டும் எஞ்சியது. “பரவாயில்லீங்க மாமா. சண்டை போட்டவருக்குத் தழும்பு இருக்குமில்லீங்களா?” என்று நம்மைத் தேற்றினான். அதன்பின் பசைக் குப்பி நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

உடல் ஒன்றான பின் வர்ணத்துக்கு முன்னோடியாகச் சாம்பல் பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். இது, இணைப்புகளில் மறைந்திருக்கும் குறைகளையெல்லாம் கோர்ட்டில் சாட்சி சொல்வது போல் சொல்லிவிடும். குறைகளைத் திருத்தி, அதன்மேல் நீர்த்த வர்ணத்தை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் அங்கங்களின் நெளிவு சுளிவுகள் அடைபட்டுப் போகும். நன்றாக உலர்ந்த பின், கருமையான நீர்த்த வர்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டால் பள்ளங்கள் நிழலாகும். தூரிகையைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு வெளிர் நிறத்தால் மேடுகளை மட்டும் உரசினால் வெளிச்சம் வந்துவிடும். கண்ணைக் கடைசியில் எழுதுவதென்று பையன் வைத்துக்கொண்டான். ஸ்தபதிகளும் அப்படித்தானே செய்கிறார்கள்? எல்லாம் முடிந்தபின் கண் திறப்பது நம் நாட்டு வழக்கம்.

வீரர் எட்டில் ஒரு பங்கு அளவினர். ஆறடி மனிதர் ஒன்பது அங்குலமாக நின்றார். ஆனால் எங்கே நிற்பது? பெட்டி போன்ற ஒரு பலகை தயாராக இருந்தது. அதன்மேல் என்ன வைப்பது என்பதில்தான் பத்து நாள் கழிந்தது.

இந்த இடத்தில் நாம் பையனுக்குச் சில சமாசாரங்களைச் சொன்னோம். வீரனுக்கு உருவம் சமைப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. போரிலே விழுந்தவனுக்குக் கல் தேடி எடுத்து, நீராட்டி, நட்டு வணங்கும் முறையைத் தொல்காப்பியமே பேசுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் ‘புலிகுத்திக் கல்’ என்று பல கற்கள் நிற்கின்றன. மந்தையை அடிக்க வந்த புலியை எதிர்த்துப் போராடி மாண்டவர்களின் நினைவு அவை. அந்தக் கல்லில் வீரன் தனியே நிற்பதில்லை. பின்னங்காலில் எழுந்து பாயும் புலியும் இருக்கிறது. அதன் உடலில் பாயும் ஆயுதமும் இருக்கிறது. வீரனின் பெயர் தேய்ந்து போனாலும், அவன் எதற்காகச் செத்தான் என்பது தேயவில்லை.

பொன்னர் சங்கர் கதையும் அவ்விதமே. அண்ணன்மார் சுவாமி என்று கொங்கு நாடு கும்பிடும் அவ்விரு சகோதரர்களுக்கும் அவர்கள் தங்கைக்கும் மண்ணாலும் சுதையாலும் உருவங்கள் செய்து, வர்ணம் தீட்டிக் கோயில்களில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கதையிலே பயிரைப் பாழாக்கும் கொம்பன் என்னும் காட்டுப் பன்றி வருகிறது. மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் அவர்கள் வீழ்ந்த களத்தைப் ‘படுகளம்’ என்று சொல்லி, மாசித் திருவிழாவில் அந்தக் காட்சியை மனிதர்களைக் கொண்டே நடத்துகிறார்கள். பக்தர்கள் மாண்டவர்கள் போலச் சாய்கிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். வீரனை விட அவன் விழுந்த மண் பெரிது என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டியதில்லை. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் பிரெண்டா பெக் அம்மையார் 1960-களின் நடுவில் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, உடுக்கடித்துப் பாடும் பாட்டுக்காரர்களிடம் இக்கதையை முழுவதும் ஒலிப்பதிவு செய்து, பின்னர் நூல்களாக வெளியிட்டிருக்கிறார்.

உடுமலைப்பேட்டைக்கு அருகே சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் குடியானவர்கள் மாடு கன்றுகள் நோயின்றி வாழ வேண்டி, அங்கே மண்ணாலான ‘உருவாரங்களை’ வைக்கிறார்கள். பொம்மைதான். எனினும் எந்த மாட்டுக்காக வைக்கிறோம் என்று வைப்பவருக்குத் தெரியும். காரியமில்லாத பொம்மையை நம் குயவர்கள் வனையவில்லை.

பையன் இவற்றையெல்லாம் கவனமாகக் கேட்டான். கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டான்.

“அப்படீன்னா மாமா, நம்ம ஊர்ல இப்ப புலி எதுங்க?”

நாம் விழித்தோம். புலி எங்கே என்பது தெரியாமல் வீரனை எங்கே நிறுத்துவது?

பதிலை அவனே கண்டுபிடித்தான். சிங்காநல்லூரிலிருந்து அவன் பள்ளிக்கூடம் போகும் வழியில் நொய்யல் குறுக்கிடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் பட்டீசுவரர் சந்நிதிக்கருகே காஞ்சி மாநதி என்று பெயர் பெற்று, குளம் குளமாக நிரப்பிக்கொண்டு, சூலூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் நதி. பேரூரில் மூழ்கி எழுந்தவர்கள் உண்டு. இன்று நகரத்தைத் தாண்டும்போது அதில் சாக்கடை சேருகிறது. மழை பெய்து வெள்ளம் வரும் நாட்களில் பாலத்தின் உயரத்துக்கு நுரை பொங்கி, வெள்ளைப் பஞ்சு மூட்டைகள் போல் காற்றில் பறப்பதைப் பத்திரிகைகளில் படமாகவும் பார்த்திருக்கிறோம்.

“நொய்யலைச் செஞ்சரலாமுங்க” என்றான்.

அப்போது அறையில் பேச்சு நின்றுவிட்டது. காரணம் பிறகே நமக்கு விளங்கிற்று. பையனின் பாட்டனார் மூலையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பூமி திருப்பூருக்குக் கிழக்கே, ஒரத்துப்பாளையம் பக்கத்தில் இருந்தது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே அங்கே 1992-இல் அணை கட்டினார்கள். பருத்தித் துணிக்குச் சாயமேற்ற ஏராளமான உப்பு வேண்டும். அந்த உப்பும் சாயமும் கலந்த கழிவு நீர் ஆண்டுக்கணக்கில் நதியில் இறங்கியது. பயிருக்கென்று கட்டிய அணையில் பயிரைக் கருக்கும் தண்ணீர் தேங்கிற்று. சுற்றிலுமுள்ள கிணறுகள் உப்பாயின. பெரியவர் தம் தென்னைகள் ஒவ்வொன்றாய்த் தலை சாய்வதைப் பார்த்திருந்து, கடைசியில் மாடுகளை விற்றுவிட்டு மகன் வீட்டுக்கு வந்தவர். விவசாயிகள் வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளையும் சலவை ஆலைகளையும் மூடும்படி உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவு நீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பவும் உபயோகிக்கும் ஏற்பாட்டின் பேரில் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன.

மற்றொரு பக்கத்தில் நம் நண்பர் உட்கார்ந்திருந்தார். ஆலைகள் மூடியிருந்த மாதங்களில் அவருக்கும் பாதிச் சம்பளந்தான். அவர் மெதுவாகச் சொன்னார்: “அந்தச் சாயத் துணியிலதானுங்க நம்ம வீட்ல ஒலை பொங்குது.”

வாசகர்கள் அந்தப் பையனின் சங்கடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டனாரின் கிணற்றைக் கெடுத்ததும் தகப்பனாரின் சம்பளத்தைக் கொடுத்ததும் ஒரே தொழில். புலிகுத்திக் கல்லிலே புலியைச் செதுக்கியவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. புலி புலிதான், அதற்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. இங்கே வீரன் யாரைக் குத்துவது? செங்கற் சுவரை உடைக்கும் கைக்கு நுரையை என்ன செய்யத் தெரியும்?

பையன் இரண்டு நாள் வேலையைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள் வீரரின் இரண்டு கைகளையும் முழங்கையில் அறுத்து வைத்திருந்தான்! பெட்டியிலிருந்தபடி ஒரு கை இடுப்பிலும் ஒரு கை வானத்திலும் இருந்தன. அவற்றைத் திருப்பி, உள்ளே கம்பி செருகி, மக்கு வைத்து, இரண்டு கையும் முன்னால் வரும்படி செய்திருந்தான். பால் பவுடர் டப்பாத் தகரத்தில் இலை வெட்டி, மூங்கில் சிம்பைச் சீவிப் பிடி போட்டு, ஒரு மண்வெட்டி தயாராக இருந்தது. எட்டில் ஒரு பங்கு என்ற கணக்குப்படி மூன்றடிப் பிடி நாலரை அங்குலமாயிற்று.

“குத்தறதுக்கு ஆளில்லீங்க மாமா. அதனால வேலை குடுத்துட்டேன்” என்றான்.

இனி நதியைச் செய்த விதம். தெர்மோகோல் பலகையை அறுத்துக் கரையும் பள்ளமும் அமைத்தோம். தெர்மோகோலும் அதே பாலிஸ்டைரீன் சாதியாதலால் அந்தப் பசை பட்டால் கரைந்துவிடும். எனவே முழுவதும் காகிதக் கூழால் மூடிக் காயவைத்தோம். கரைக்கு நொய்யல் மண்ணையே கொண்டு வந்து, உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சலித்து, வெள்ளைக் கோந்தின்மேல் தூவினான். சலிப்பதன் காரணம், உண்மை மணலின் ஒரு பரல் இந்த அளவில் ஒரு கூழாங்கல்லாகி விடும் என்பதே. கரையில் ஒரு காங்கயம் காளை நிற்க வேண்டுமென்பது அவனுடைய ஆசை. ஆனால் இந்த வீரருக்கேற்ற காளை திமிலோடு ஏழு அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். கொலுக் காளைகளெல்லாம் அவர் முழங்காலுக்கு வந்தன. ஆகவே காளை வேண்டாமென்று விட்டு, மண் ஈரமாயிருக்கும்போதே குளம்புச் சுவடுகளை மட்டும் அழுத்தினான். தண்ணீர் தேடி வந்து, குடிக்காமல் திரும்பிப் போன சுவடுகள்.

தண்ணீருக்குக் கொலுக் கண்ணாடியை வைக்கலாமென்றோம். “அதுல மொகம் தெரியுமுங்க. ஆத்துல தெரியறதில்லையே” என்று மறுத்தான். கருநீலமும் ஊதாவும் பழுப்புமாகத் தீட்டி, அதன்மேல் வார்னிஷைப் பூச்சுப் பூச்சாக ஏழெட்டுத் தடவை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின், ஏற்றினான். ஆழம் தானாக வந்தது. நுரைக்கு வேண்டியது வெண்பஞ்சு. அதைத் தேடி நண்பர்தாம் போனார். மில் ஒன்றிலிருந்து கழிவுப் பஞ்சு ஒரு பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் மகனிடம் கொடுத்தார். தண்ணீர் கலந்த கோந்தில் அதைத் தோய்த்து, பிய்த்துப் பிய்த்து ஒட்டியபோது அசல் நுரை போலவே இருந்தது.

வீரரை நிறுத்திவிட்டு நாமும் பையனும் திருப்தியாக நின்றோம். அப்போது கட்டிலிலிருந்து பெரியவர் எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஏங்கண்ணு, நெஞ்சை நிமித்திக்கிட்டு எவனாச்சும் மம்முட்டி புடிப்பானா? மண்ணு வெட்டறவன் குனியோணும்.”

சொல்லிவிட்டு, தம் கைத்தடியையே பிடியாக வைத்துக்கொண்டு, ஒரு காலை முன்னே வைத்து, இடுப்பை வளைத்துக் காட்டினார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் அந்த உடம்பு அந்த வளைவுக்குப் போனதென்று தோன்றிற்று. அவருடைய மனைவியார் வாசற்படியிலிருந்தே இன்னொரு குற்றம் கண்டுபிடித்தார்.

“போர்வையைக் கட்டிக்கிட்டு மண்ணு வெட்டுனா தடுக்கி உளுந்துருவான் சாமி. கழட்டி வெச்சுட்டுச் செய்யச் சொல்லு.”

பையன் ஆட்சேபிக்கவில்லை. “செரிங்க அப்பத்தா” என்று மேலங்கியைக் கழற்றிக் கரையில் நட்டிருந்த வேலிக்காலில் தொங்கவிட்டான். “செரிங்க அப்பாரு” என்று வீரரை இடுப்பில் அறுத்தான். உலகத்தை எதிர்த்து நிமிர்ந்து நிற்பதற்காக வார்க்கப்பட்டவர், நொய்யல் கரையில் முதுகு வளைத்தார். வெட்டிய இடத்தில் மக்கு வைத்து, தேய்த்து, திரும்ப வர்ணம் தீட்ட ஐந்து நாள் பிடித்தது. ஆனால் இப்போதுதான் அவர் வேலை செய்பவராகத் தோன்றினார்.

பெரியவர் அதோடு விடவில்லை. மறுநாள் மறுபடியும் வந்து பார்த்தார்.

“ஒத்தை ஆளு வெட்டி ஆறு சுத்தமாகுமா? அந்தக் காலத்துல வாய்க்கால்ல தூர் எடுக்கோணும்னா ஊட்டுக்கு ஒரு ஆளு வரோணும்” என்றார்.

குடிமராமத்து என்று நம் முன்னோர்கள் வைத்திருந்த ஏற்பாட்டை அவர் சொன்னார். அந்த வழக்கம் தேய்ந்ததே தவிர, அடியோடு மறந்து போகவில்லை. 2013-இல் உக்கடம் பெரியகுளத்தில் கோவை ஜனங்கள் திரண்டு போய் வண்டல் அள்ளியதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். மண்வெட்டியால் வண்டல் நீங்கும். நீரில் கரைந்த உப்பு நீங்காது என்பது நமக்குத் தெரியும். அதற்குச் சட்டம் வேண்டும், யந்திரம் வேண்டும், செலவு செய்யும் மனம் வேண்டும். ஆயினும் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஊர் கூடிக் கரைக்கு வரவேண்டும். பெரியவர் கேட்டது அதைத்தான்.

அதற்குமேல் ஆட்கள் செய்யப் பையனிடம் பிளாஸ்டிக் இல்லை. நவராத்திரிக்கும் நாலு நாளே இருந்தது. அவன் மீதித் தகரத்தை எடுத்து இன்னும் ஏழு மண்வெட்டிகள் செய்தான். அவற்றைக் கரையில் வரிசையாக வைத்தான். பிடிக்க ஆளில்லை, மண்வெட்டிகள் மட்டுமே. இரும்புக்கை மாயாவியின் நினைவு நமக்கு வந்தது. ஆள் தெரியாவிட்டால் என்ன? கருவி தெரிந்தால் ஆள் வருவான் என்று நம்பலாம்.

முதல் நாள் காலையில், பல் குத்தும் குச்சியின் முனையால் வீரருக்குக் கண் எழுதினான். குனிந்த முகமாதலால் கண்கள் வானத்தைப் பார்க்கவில்லை; மண்ணைப் பார்த்தன.

கொலுவில், தசாவதாரத்துக்கும் செட்டியார் கடைக்கும் கீழே, பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் அவ்வாண்டு நொய்யல் இருந்தது. சுண்டலுக்கு வந்த பெண்மணிகள் முதலில் சிரித்தார்கள். நீலச் சட்டைக்காரர் மண்வெட்டியோடு குனிந்திருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பிறகு நுரையைப் பார்த்தார்கள். “இது நம்ம பாலந்தானே?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சிரிப்பு அடங்கிற்று. பேரூரில் குளித்த கதையை ஒரு பாட்டியம்மாள் சொன்னார். பாட்டுப் பாட வந்தவர்கள் அரை மணி நேரம் ஆற்றைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரு சிறுமி மட்டும் வரிசையாயிருந்த மண்வெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் யாருதுங்கண்ணா?” என்று கேட்டாள்.

“வர்றவங்களுக்கு” என்றான் பையன்.

கூட்டம் போனபின் பெரியவர் கொலுவின் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். மண்வெட்டிகளில் ஒன்று இலை மேல்நோக்கியிருக்கும்படி கிடந்தது. காலில் பட்டால் வெட்டிவிடும். எந்தக் குடியானவனும் அப்படிப் போடமாட்டான். அவர் இரண்டு விரலால் அதை எடுத்து, இலை மண்ணைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். வைத்துவிட்டு வெகு நேரம் அங்கேயே இருந்தார்.

வீட்டில் குழந்தைகள் வெளிநாட்டு வீரனைக் கொண்டு வந்து ஒட்டித் தரச் சொன்னால், வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பசையைக் கொஞ்சமாகத் தடவுங்கள். பிறகு, அவன் எந்த மண்ணில் நிற்கப் போகிறான் என்று குழந்தையைக் கேளுங்கள். பதில் சொல்வதற்கு அது ஜன்னல் வழியே தன் ஊரைப் பார்க்க வேண்டியிருக்கும். நாமும் கூடவே பார்க்க வேண்டியிருக்கும்.